பணம் எந்த மாதம் வந்தது

கரும்புப் பணம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. வெல்லம் காய்ச்சுகிற வீட்டில் அவ்வப்போது காசு புரளும். ஆலைக்கு வெட்டுகிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறைதான். பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கிற பயிர் அது. கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டு ஆட்கள் வந்து, டிராக்டர் எடைமேடை ஏறி இறங்கி, அப்புறம் பில். அந்த ஒரு பில்லை நம்பி மளிகைக் கடைப் பாக்கி, பள்ளிக்கூட பீஸ், அத்தைக்குச் செய்ய வேண்டிய சீர் எல்லாம் வரிசையில் நிற்கும்.

பில்லைப் படித்துச் சொல்வது என் வேலை. மேலே டன் கணக்கும் மொத்தத் தொகையும் இருக்கும். கீழே பிடித்தங்கள்: பாங்கில் வாங்கிய பயிர்க்கடனில் அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, விதைக்கரணைக்கு, உரத்துக்கு, பங்குப் பணத்துக்கு. அடியில் நிகரத் தொகை. அப்பா மேலே இருப்பதைக் கேட்கவே மாட்டார். "கடைசியில என்ன போட்டிருக்கு, அதச் சொல்லு." அம்மாவுக்கு மேல்தொகைதான் கணக்கு. "இத்தன ஆயிரத்துக்குக் கரும்பு போயிருக்குது, கைக்கு வந்தது இவ்ளோதான்னா மீதி எங்க?" என்பாள். பில் வந்த ராத்திரி எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம்.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்று எனக்குப் புரிய, பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார வேண்டியிருந்தது. அம்மா கேட்டது லாப நட்டக் கணக்கு. அப்பா கேட்டது ரொக்க ஓட்டம். நடுவில் கிடந்த பிடித்தங்களில்தான் சூட்சுமம். அசலுக்குப் பிடித்தது செலவே அல்ல, பழைய கடன் அடைந்தது. வட்டி மட்டும் செலவு. பங்குப் பணம் இரண்டிலும் சேராது. அப்பா தனக்கே தெரியாமல் வருஷாவருஷம் செய்துவந்த முதலீடு அது. ஒரு ரூபாய் நோட்டுகூடக் கையில் படாமல் இத்தனையும் நடந்து முடிந்துவிடும். பங்கு ரசீதுகளைப் பட்டாவோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். இதுவும் சொத்துதான் என்று நான் சொன்னபோது, "வித்தா எவன் வாங்குவான்?" என்று கேட்டார். நீண்டகால முதலீட்டை வாங்கிய விலையிலேயே காட்ட வேண்டும், மதிப்பு தற்காலிகமாக அல்லாமல் உண்மையிலேயே இறங்கிவிட்டால் குறைத்துக் காட்ட வேண்டும் என்கிறது கணக்கியல் தரநிலை 13. அப்பா அந்தக் குறைப்பை மனசுக்குள் என்றைக்கோ செய்து முடித்திருந்தார், பூஜ்ஜியம் வரைக்கும்.

ஆலைகளின் பக்கம் நின்று பார்த்தாலும் இதே கதைதான். எங்கள் வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உண்டு. எந்தச் சர்க்கரை ஆலையானாலும் அரைப்பது சில மாதம், சர்க்கரை விற்பது வருஷம் முழுக்க. கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. கொடுக்க வேண்டிய பணமோ மூட்டை மூட்டையாகக் குடோனில் அடுக்கியிருக்கும். ஐந்தொகையில் சரக்கிருப்பு என்று அழகாக ஒரு வரி. அதைக் கொண்டுபோய் யாருக்கும் பட்டுவாடா செய்ய முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸ் கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு மாடியில் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதி; அப்போது எங்களுக்கு விழுப்புரம்தான் மாவட்டத் தலைநகர். (1993 வரைக்கும் கடலூர். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆயிற்று.) வாடிக்கையாளர்களில் அரிசி ஆலைக்காரர்கள் அதிகம். பிறகு உரக்கடை, லாரி வைத்திருப்பவர்கள், மார்க்கெட் கமிட்டியில் மக்காச்சோளமும் பருத்தியும் பிடிக்கிற வியாபாரிகள். நீளமான சிவப்பு அட்டைச் சிட்டா, பேரேடு, ஒரு பை நிறையச் சீட்டுகள், இவற்றோடு ஜூனில் வந்து இறங்குவார்கள்.

அவர்களில் யாருக்கும் ரொக்க ஓட்ட அறிக்கை போட வேண்டிய சட்டக் கட்டாயம் அன்றைக்கு இல்லை. இந்தியக் கணக்காயர் கழகம் 1981-ல் வெளியிட்ட தரநிலை 3, நிதிநிலை மாற்றங்களைப் பற்றிப் பேசியது. அதை 1997-ல் திருத்தி ரொக்க ஓட்டத்துக்கென்றே ஆக்கினார்கள். அது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம். எங்களைப் பிடித்து ஆட்டியது பாங்க். நடைமுறை மூலதனக் கடன் வேண்டுமென்றால் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று தாளில் காட்டு என்பார்கள். 1975-ல் டாண்டன் கமிட்டி சொன்னதிலிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம். சி.எம்.ஏ. டேட்டா என்று அந்தக் கட்டுக்குப் பெயர். மேனேஜர் கேட்கிறார் என்றால் ஆடிட்டர் சார் என்னைத்தான் கூப்பிடுவார். "ஏம்மா, லாபத்துலேர்ந்து ஆரம்பி. பணம் போகாத செலவெல்லாம் திருப்பிக் கூட்டு. பணம் வராத வரவெல்லாம் கழி. அப்புறம் என்ன மிச்சமோ அதுதான் தொழில் குடுத்த பணம்."

தேய்மானத்தைத் திருப்பிக் கூட்டுவது, சரக்கு ஏறியதைக் கழிப்பது, கடனாளிகள் பாக்கி கூடியதைக் கழிப்பது, இதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. முதலீட்டுக் கணக்குதான் விடியவிடிய உட்கார வைத்தது. கையில் இருப்பது இரண்டு எண்கள் மட்டும்: வருஷத் தொடக்கத்தில் முதலீடு 4,00,000, முடிவில் 5,50,000. அவசரக்காரர் ஒன்றரை லட்சம் வெளியே போயிற்று என்று எழுதிவிடுவார். ஆனால் நடுவில் 1,00,000-க்கு வாங்கியிருந்த ஒன்றை 1,20,000-க்கு விற்றிருக்கிறார்கள் என்று வையுங்கள். தொடக்க இருப்பிலிருந்து விற்றதன் அடக்கவிலை ஒரு லட்சத்தைக் கழித்தால் நிற்பது மூன்று லட்சம். முடிவில் ஐந்தரை இருக்கிறதென்றால் புதிதாக வாங்கியது 2,50,000. வந்தது 1,20,000, போனது 2,50,000. முதலீட்டு வகையில் நிகரமாகப் போனது 1,30,000. அந்த 20,000 லாபம் ஏற்கெனவே லாபக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே கழிக்காவிட்டால் ஒரே பணம் இரண்டு தடவை வந்துவிடும். கழிக்க மறந்தால் கடைசியில் ரொக்கம் சரியாக 20,000-க்கு இடிக்கும். அந்த இடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிற ராத்திரிகள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் நம்புவதில்லை.

புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். சிட்டாவில் இருப்பது வேறு. ஓர் அரிசி ஆலைக்காரரின் கணக்குப்பிள்ளை, எஃப்.டி. முதிர்ந்து புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் பணம் வந்ததாக ஒரு வரி, அதே தேதியில் போட்டதாக ஒரு வரி எழுதி வைத்திருப்பார். ரசீதின் நம்பர் மாறியதைத் தவிர எதுவும் நடந்திருக்காது. அதை அப்படியே எடுத்து எழுதினால் முதலாளி லட்சக்கணக்கில் முதலீடு செய்து, லட்சக்கணக்கில் விற்ற பெரும்புள்ளி ஆகிவிடுவார். வட்டியை வெளியே எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகிற டெபாசிட் இன்னொரு வகை. தொடக்கத்தில் ஒரு லட்சம், முடிவில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்தாயிரம் வருமானம்தான், அதற்கு வரியும் உண்டு. ஆனால் ஒரு காசு அசையவில்லை. இருப்பு தானாக வளர்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் முதிர்கிற டெபாசிட் என்றால் அது முதலீடே இல்லை, ரொக்கத்தோடு சேர்ந்துவிடும்.

அந்த ஆலைக்காரர் ஒரு நாள் மாடி ஏறி வந்து சாரிடம் சத்தமாகவே கேட்டார்: "லாபம் இருக்குது, வரி கட்டுங்கறீங்க. அந்த லாபத்த எனக்குக் காட்டுங்க சார், கண்ணால பாக்கறேன்." சார் என்னைப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன். லாபத்தில் பாதி நெல்லாக மில்லில் கிடந்தது. தை, மாசி அறுவடையில் ரொக்கம் கொடுத்துப் பிடித்த நெல். கொஞ்சம் வெளியூர்க் கடைக்காரர்களிடம் பாக்கியாக நின்றது. புதிதாக ஓர் எடைமேடை போட்டிருந்தார். மீதிக்கு முதலீடு என்று சிட்டாவில் இருந்ததே, அந்த ரசீதுகளைக் கேட்டேன். கொண்டுவந்து போட்டார். எல்லாம் வீட்டம்மா பெயரில்.

அதற்கப்புறம் அது தொழிலின் முதலீடு இல்லை, முதலாளி எடுத்த சொந்தச் செலவு. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி காணாமல் போய், அவருடைய மூலதனம் அதே அளவுக்குக் கரைந்தது. "என் பொண்டாட்டி வேற, நான் வேறயா?" என்று கேட்டார். கணக்குக்கு வேறதான் என்றார் சார். அவர் மனைவியை நான் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தன் பெயரில் இருந்த அந்த ரசீதுகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

லாபம் இருந்தும் பணம் இல்லாமல் சாவது சின்னக் கடைகளுக்கு மட்டும் நடப்பது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பிற்பாடு படித்தேன், அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற மாபெரும் சங்கிலிக் கடை நிறுவனம் 1975-ல் திவாலானதை. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு வரைக்கும் லாபம் காட்டி வந்த நிறுவனம். கடனுக்குச் சரக்கு கொடுத்துக் கொடுத்து, கடைகளைப் பெருக்கி, தொழிலிலிருந்து வந்த ரொக்கம் பல வருஷமாகச் சுழியத்துக்குக் கீழே கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. லார்கே, ஸ்டிக்னி என்ற இருவர் 1980-ல் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவில் 1987-ல் ரொக்க ஓட்ட அறிக்கை கட்டாயமானது. சர்வதேசத் தரநிலை 7 அந்த வடிவத்துக்கு மாறியது 1992-ல். அங்கிருந்து துருகம் சாலை மாடிக்கு அது வந்து சேரப் பெரிதாகத் தாமதமாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மலைக்கு நான் போனது இந்த ஆபீஸ் வழியாகத்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், அடுத்த சில வருஷத்தில் சேலத்துக்கும் எங்கள் பழைய தென்னாற்காட்டுக்கும் வந்திருந்தது. நபார்டு 1992-ல் 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியது. தருமபுரியில் தொடங்கியது 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. குழு ஆரம்பிப்பது சுலபம். புத்தகம் எழுத ஆள் இல்லை. கணக்கு எழுதச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து கேட்டார்கள். சார் என்னைக் கை காட்டினார். அம்மா ஒரு வாரம் சார் மீது கோபமாக இருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டினால் பஸ் மலையேறத் தொடங்கும். கரியாலூர், வெள்ளிமலை. அதற்கப்புறம் எல்லாம் நடைதான். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், இரண்டு ஊருக்கு நடுவே ஓர் ஓடையும் ஒரு மேடும் கட்டாயம் இருக்கும். பள்ளிக்கூடத் திண்ணையிலோ மாரியம்மன் கோயில் வாசலிலோ உட்காருவோம். என்னைக் கணக்கு டீச்சர் என்றார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. மனக்கணக்கு தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. குச்சிக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் அவர்கள். ஜவ்வரிசி ஆலைக்காரன் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவான். பாயிண்ட்டுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கழித்துப் பார்க்கிற பெண்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லித்தர நான் கீழேயிருந்து போயிருந்தேன்.

முதல் தகராறு இருப்பில்தான் வந்தது. குழுவின் பணம் எவ்வளவு என்று கேட்டால் பாங்க் பாஸ்புத்தகத்தின் கடைசி வரியைக் காட்டுவார்கள். அதில் சில நூறுதான் இருக்கும். "அவ்ளோ சேத்தோம், இவ்ளோதான் இருக்குது" என்று தலைவி மீது ஒரு முணுமுணுப்பு. நான் ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டேன், உள்கடன் எவ்வளவு வாங்கியிருக்கிறாய் என்று. கூட்டினோம். குழுவின் பணம் முழுக்க அங்கே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தது, நூற்றுக்கு இரண்டு வட்டியில், அவர்கள் கையில். வெளியே வாங்கினால் நூற்றுக்கு ஐந்தும் பத்தும். தலைவி மூக்கைச் சிந்திக்கொண்டே, "இத மொதல்லயே சொல்லியிருந்தா எவளாவது என்னப் பேசியிருப்பாளா?" என்றாள்.

அடுத்தது வரவு. யாருக்கு எந்த மாதம் பணம் வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். தை, மாசியில் கடுக்காய். அது தோல் பதனிடப் போகும். அதற்குப் பின்னால் புளி. சாமை வீட்டுக்குத்தான், விற்பது கொஞ்சம். கிழங்குப் பணம் பிடுங்குகிற மாதம். இவ்வளவும் சின்னச் சின்ன எண்கள். நடுவில் ஒரு மாதத்தில் மட்டும் சில வீடுகளில் பெரிய தொகை நிற்கும். என்ன என்று கேட்டால், "அட்வான்ஸ்" என்பார்கள். கேரளத்துக்கும் குடகுக்கும் எஸ்டேட் வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போனது. மொத்தமாக வந்த பணம். தீபாவளியோ, மஞ்சள் நீராட்டோ, ஆஸ்பத்திரிச் செலவோ அதில் முடியும். பிறகு வீடு பூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் போனால் மாதக்கணக்கில் அங்கே வேலை. கூலியில் கழித்தது போக மிச்சம் இருந்தால் கொண்டுவருவார்கள்.

ரொக்க ஓட்ட அறிக்கையில் மூன்று கட்டங்கள் உண்டு: தொழிலில் வந்தது, முதலீட்டில் வந்தது போனது, கடனாக வந்தது போனது. அந்தத் தாளில் அட்வான்ஸை வருமானம் என்ற இடத்தில்தான் எல்லோரும் போடச் சொன்னார்கள். நான் மாற்றிக் கடன் கட்டத்தில் எழுதினேன். "வட்டி இல்லாத பணம் டீச்சர், அது எப்படிக் கடனாவும்?" என்றாள் ஒருத்தி. வட்டி இல்லை. திருப்பித் தருகிறபோது பணமும் இல்லை. ஆறு மாதம் உழைத்த உழைப்பு கூலி என்ற பெயரிலேயே வராமல் கழிந்துபோகும். தொழில் கட்டத்தில் அந்த மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும். எங்கள் அப்பாவின் பில்லில் பாங்க் கடன் கழிந்தது போலத்தான் இது. ஒரு வித்தியாசம், அப்பாவுக்கு ஒரு சீட்டு வந்தது. இவர்களுக்கு மேஸ்திரியின் நோட்டில் இருப்பதுதான் கணக்கு.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நாங்க செஞ்சத எந்தக் கட்டத்துல போடுவ?" என்றார். அவர் பேசியது ஜாகீர் காலம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலையாகியும் அது போகவில்லை. 1976-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். அதுவரைக்கும் ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. அதற்கு மேல் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாத வேலை. பணமாக வராத உழைப்பு, பணமாகப் போகாத வரி. எந்த ரொக்கப் புத்தகத்திலும் அதற்கு வரி கிடையாது. நான் பதில் சொல்லவில்லை. தரநிலை 3-ல் ரொக்கம் சம்பந்தப்படாத நடவடிக்கைகளை அறிக்கையில் சேர்க்காதே, வேறொரு இடத்தில் தனியாகச் சொல் என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பீடி வாசனை வரும்.

வருஷ முடிவில் பங்கு பிரிக்கிற நாள் வந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. குழுவில் 15 பேர், மாதச் சந்தா 50 ரூபாய். வருஷத்தில் எல்லோருமே 600 கட்டியிருக்கிறார்கள். செலவு போக வட்டியில் மிஞ்சியது 690 ரூபாய். ஆளுக்கு 46 என்று தலைவி வகுத்துச் சொல்லிவிட்டாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். 12 பேர் மாதாமாதம் கட்டியவர்கள். மூன்று பேர் எஸ்டேட்டுக்குப் போய்விட்டுப் பத்தாம் மாதம் வந்து 500-ஐ மொத்தமாகக் கட்டி, கடைசி இரண்டு மாதத்துக்கு ஐம்பது ஐம்பது கொடுத்தவர்கள். முடிவு இருப்பு இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு 600தான். ஆனால் முதல் மாதம் போட்ட ஐம்பது பன்னிரண்டு மாதம் உழைத்திருக்கிறது, கடைசி மாத ஐம்பது ஒரு மாதம். ஒவ்வொரு ரூபாயையும் அது குழுவில் இருந்த மாதத்தால் பெருக்கிக் கூட்டினால் மாதாமாதம் கட்டியவளுக்கு 3,900. எஸ்டேட்டுக்குப் போனவளுக்கு 500 மூன்று மாதம், 50 இரண்டு மாதம், 50 ஒரு மாதம், ஆக 1,650. மொத்தம் 51,750. அந்த விகிதத்தில் 690-ஐப் பிரித்தால் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 52, மூன்று பேருக்கு ஆளுக்கு 22. பாங்கில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவதும், பெரிய கம்பெனிகள் முதலீட்டின் ஈட்டு விகிதம் பார்ப்பதும் அடிப்படையில் இந்தப் பெருக்கல்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். "ஆறு ரூபாய்க்காக அவ வயித்துல அடிக்கணுமா?" என்றாள் ஒரு மூத்த பெண். அவள் கணக்கு சரி: சமமாகப் பிரித்தால் இவர்களுக்கு ஆறு ரூபாய்தான் குறைகிறது, அவர்களுக்கு இருபத்துநாலு கூடுகிறது. இன்னொருத்தி எழுந்தாள். "வட்டி கட்டினவ நான். ஊர்ல இருந்து கடன் வாங்கி வட்டி கட்டினது நாங்க. அந்த 690-ம் எங்க மடியிலேர்ந்து போனது. எனக்குத்தான் அதிகம் வரணும்." இது எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு பங்கீட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களில் வாடிக்கைக்கேற்ப லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிற வழக்கம் உண்டு என்பது பிறகு ஞாபகம் வந்தது. அவள் கேட்டது அதைத்தான்.

எஸ்டேட்டிலிருந்து வந்த மூன்று பேரில் ஒருத்தி தன் கைக்குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டாள்: "டீச்சர், வர்ற வருஷம் அட்வான்ஸ் வாங்கினதும் அறுநூறையும் மொத மாசமே கட்டிட்டுப் போறேன். அப்ப எனக்கு எவ்ளோ?"

600, பன்னிரண்டு மாதம். 7,200. மாதாமாதம் கட்டுகிறவளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அட்வான்ஸ் என்பது கடன் என்று அந்தத் திண்ணையிலேயே சொன்னவள் நான். கடன் வாங்கி முதலீடு செய்யாதே என்று மாடியில் ஆலைக்காரர்களிடம் சார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள். அதை அவளிடம் சொன்னேன். "வீட்ல வச்சா மட்டும் தங்குதா டீச்சர்?" என்றாள். அவள் புருஷன் கோயிலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் தெரிந்த காரணம். மேஸ்திரி வட்டி கேட்கப்போவதில்லை, உழைப்பை எப்படியும் எடுத்துக்கொள்ளப் போகிறான், பணம் குழுவில் இருந்தால் திரும்பி வரும்போது இருக்கும். அவளுடைய வாதத்தில் ஓட்டை எங்கே என்று நான் இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓர் ஓட்டை உண்டு: எல்லோரும் முதல் மாதமே கட்டிவிட்டால் அவ்வளவு பணத்தைக் கடன் வாங்க ஊரில் ஆள் இருக்காது, பாஸ்புத்தகத்தில் தூங்கும், 690 என்பது அதே அளவுக்கு வளராது. அதை வட்டி கட்டின அந்தப் பெண்தான் சொன்னாள், நான் இல்லை.

அந்த வருஷத்துக்குச் சமமாகவே பிரித்தார்கள், ஆளுக்கு 46. அடுத்த வருஷத்துக்குப் பெருக்கல் முறை என்று முடிவாயிற்று. முன்பணமாகக் கட்டலாம், ஆனால் ஆறு மாதச் சந்தாவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்குவதில்லை என்று ஒரு நிபந்தனை. நூற்றுக்கு இரண்டில் கால் வட்டியைக் கடன் வாங்கியவளுக்கே வருஷ முடிவில் திருப்பித் தருவது என்று இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தில் நான்தான் எழுதினேன். பெருவிரல் வைத்தவர்கள் வைத்தார்கள், கையெழுத்துப் போட்டவர்கள் போட்டார்கள். கடைசி பஸ் போய்விட்டதால் அன்று ராத்திரி தலைவி வீட்டிலேயே தங்கினேன். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிடும்போது அந்தக் கால் வட்டியை எந்தக் கட்டத்தில் எழுதுவது, செலவா, கடனா, பங்கா என்று அவள் கேட்க, வட்டி வரவைக் குறைத்தே எழுதிவிடலாம் என்று நான் சொல்ல, அப்படியென்றால் எவ்வளவு வந்தது என்பது மறைந்துபோகுமே என்று அவள் சொல்ல, விளக்கை அணைக்கிற வரைக்கும் அதே பேச்சாக இருந்தது.